தேவாலயத்துக்குள் பியர் ஆலை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கல்லடி வாசகர் ஒருவரின் கடிதத்தை மட்டும் வெளியிட்டு, பதிலை இந்த இதழில் தருவதாகச் சொல்லியிருந்தோம். ஐரோப்பாவிலே பழைய தேவாலயங்களும் பொதுக் குளிப்பிடங்களும் பியர் ஆலைகளாக மாறியிருப்பதைக் காரிற் சென்று பார்ப்பது பற்றிய கடிதம் அது. அதைப் படித்த வேறு சிலரும் அதே பொருளைத் தொட்டு எழுதியிருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: என் மகன் குடும்பத்தோடு நெதர்லாந்தில் வசிக்கிறார். யூலை மாதம் அங்கே போகிறேன். ஒரு கிழமை காரில் பயணம் செய்து, நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பழைய கட்டடங்களில் இயங்கும் பியர் ஆலைகளைக் காட்டப்போவதாகச் சொல்கிறார். நான் மது அருந்துவதில்லை. எனக்கு அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எந்த ஒழுங்கில் பார்க்கலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லடி

பதில்: அருந்தாதவர் என்பதாலேயே நீங்கள் கூடுதலாகப் பார்ப்பீர்கள் என்பது என் நம்பிக்கை. இத்தகைய இடங்களுக்குப் போகிற பலர் குவளையைக் கையில் எடுத்ததும் கூரையை அண்ணாந்து பார்க்க மறந்துவிடுகிறார்கள். கூரையிலிருந்து தொடங்குங்கள். பிறகு சுவர், நிலம், யன்னல் என்று இறங்கி, இந்தக் கட்டடம் முன்பு என்ன வேலை செய்தது, அந்த வேலையின் தழும்பு எங்கே எஞ்சியிருக்கிறது என்று தேடுங்கள்.

அம்ஸ்டர்டாமிலேயே ஆரம்பிக்கலாம். நகரின் கிழக்குப் பக்கத்தில் டி கோயர் என்ற உயரமான மரக் காற்றாலை நிற்கிறது. அதன் காலடியில், முன்பு பொதுமக்கள் குளிக்கும் இடமாக இருந்த கட்டடத்தில், 1985 முதல் ஏய் என்ற பெயருள்ள சிறிய பியர் ஆலை இயங்கி வருகிறது. காற்றாலைக்குள்ளேதான் பியர் உண்டாகிறது என்று வருகிறவர்களில் அநேகர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. காற்றாலை தானியம் அரைப்பதற்காகக் கட்டப்பட்டது. பியர் உண்டாவது பக்கத்துக் குளிப்பிடத்தில். எனக்கு அந்தக் குளிப்பிடமே பெரிதாகப்பட்டது. வீட்டிலே குளியலறை இல்லாத தொழிலாளர் குடும்பங்களுக்காக ஐரோப்பிய நகரங்கள் கட்டிய இத்தகைய குளிப்பிடங்கள், வீடுதோறும் குழாய்நீர் வந்த பிறகு வேலையிழந்துபோயின. ஒரு நகரத்தின் ஏழைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லும் சுவர்கள் அவை. பியர் ஆலை வந்திராவிட்டால் இடிபட்டிருக்கக்கூடும்.

அம்ஸ்டர்டாமை விட்டுப் புறப்படும் முன், பியருக்கு நேரடித் தொடர்பில்லாத ஒரு கட்டடத்தையும் மகனிடம் கேட்டுப் பாருங்கள். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி அலுவலகமாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாளிகை இன்று அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பாவனையில் இருக்கிறது. 1602 மே மாத முடிவில் ஒல்லாந்தக் கடற்தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் தம் கப்பல்களோடு மட்டக்களப்புக் கரைக்கு வந்தார். 1638இல் ஒல்லாந்தர் நம்முடைய கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அந்தக் கோட்டைக்குள் நமது கச்சேரி நீண்ட காலம் இயங்கியதை நீங்கள் அறிவீர்கள். கம்பனியின் தலைமையகத்தில் மாணவர்கள் படிக்க, கம்பனியின் கோட்டையில் நாம் காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் வரிசையில் நின்றிருக்கிறோம். பழைய கட்டடத்துக்குப் புதிய வேலை கொடுப்பது மட்டக்களப்பாருக்குப் புதிய விடயமன்று.

அங்கிருந்து ஹார்லெம் நகரம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். நம் நகரிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போகும் தூரத்திலும் குறைவு. இடைக்காலத்திலே ஹார்லெம் பியருக்குப் பேர்பெற்ற ஊர். காலப்போக்கில் அந்தத் தொழில் அங்கே அற்றுப்போயிற்று. பிற்காலத்தில் சிலர் நகரின் பழைய செய்முறைகளைத் தேடியெடுத்து, 1407, 1501 ஆகிய ஆண்டுகளுக்குரிய இரண்டைக்கொண்டு மீண்டும் பியர் தயாரிக்கத் தொடங்கினார்கள். பழைய ஹார்லெமில் பியர் ஏற்றிய 112 லீற்றர் பீப்பாய்க்கு ‘யோப்பன்’ என்று பெயர். அதையே தங்கள் நிறுவனத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். 2010 நவம்பரில், கைவிடப்பட்டிருந்த யாக்கோபு தேவாலயத்தைத் திருத்தி ஆலையும் உணவகமுமாகத் திறந்தார்கள். உள்ளே நுழைந்தால், முன்பு வழிபாடு நடந்த மண்டபத்தில் பளபளக்கும் காய்ச்சும் தாங்கிகள் நிற்பதைக் காண்பீர்கள். முளைத்த வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைக்கும் வேளையில் போனால், நமது அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும்போது எழும் மணத்துக்குக் கிட்டிய ஒரு மணம் வரும். என்னை அந்த மணம்தான் சிறிது நேரம் வாசலிலேயே நிறுத்திவைத்தது.

பெல்ஜிய எல்லையை நோக்கிப் போகும் வழியில் தில்பேர்க் நகரத்துக்கு அருகே கோனிங்ஸ்ஹூவன் மடாலயம் இருக்கிறது. 1881இல் தொடங்கிய மடம். 1884 முதல் அங்கே துறவிகளின் பியர் ஆலை உண்டு. இது உருமாறிய கட்டடம் அன்று, இன்றும் செபம் நடக்கும் மடமே. ஹார்லெமைப் பார்த்த மறுநாளே இதையும் பார்த்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

பிரசல்ஸ் நகரத்தில் 1873இல் திறக்கப்பட்ட பங்குச் சந்தை மாளிகை, வணிகம் கணினிக்குப் போன பிறகு வெறுமையாகி, 2023 செப்டெம்பரில் பெல்ஜிய பியரின் வரலாற்றைச் சொல்லும் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மழை பெய்தால் அங்கே போங்கள். வெயில் எறித்தால் அதை விட்டுவிட்டு நேரே புரூஜ் நகரத்துக்குப் போங்கள். அங்கே ‘அரைச் சந்திரன்’ என்று பொருள்படும் பெயருடைய டி ஹால்வ மான் ஆலையை 1856 முதல் ஒரே குடும்பம் நடத்தி வருகிறது. அந்த நகரின் பழைய பகுதி 2000ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. பியரைப் போத்தலில் அடைக்கும் இடம் நகருக்கு வெளியே அமைந்ததால், தாங்கி ஊர்திகள் நாள்தோறும் அந்த ஒடுங்கிய கல்வீதிகளில் ஓட வேண்டியிருந்தது. ஆலையை வெளியே கொண்டுபோவதே இலகுவான வழி. அவர்களோ வீதிகளின் கீழே 3 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளத்துக்குக் குழாய் பதித்து, 2016 முதல் பியரை அதனூடாக அனுப்புகிறார்கள். ஆலை தன் பழைய இடத்திலேயே தொழில் செய்கிறது, வீதியும் தப்பியது. முழுப் பயணத்திலும் ஓர் இடத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால் நான் இதையே தெரிவேன்.

ஒரு நாளுக்கு ஓர் ஆலைக்கு மேல் வேண்டாம். தாங்கிகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றாவது இடத்தில் கண் களைத்துவிடும். வழிகாட்டியோடு உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள். இத்தகைய ஆலைகளில் செங்குத்தான ஒடுங்கிய படிகள் இருக்கும் என்பதால், முழங்கால் நோவு உள்ளவரானால் அதையும் பதிவுசெய்யும்போதே கேட்டறிவது நல்லது.

கேள்வி: சென்ற இதழ்க் கடிதத்தைப் படித்து மனம் நொந்தேன். திருப்பலி நடந்த இடத்தில் மதுக்குவளை வைப்பதை எப்படிச் சகிக்கிறார்கள்? அதைப் பார்க்கச் செல்வதும் ஒருவகையில் உடன்படுவது ஆகாதா?
– தாண்டவன்வெளி வாசகி

பதில்: உங்கள் நோவை நான் மதிக்கிறேன், அதைச் சிறிதாக்க எதுவும் சொல்லமாட்டேன். ஞாயிறுதோறும் இடம் போதாமல் வெளி விறாந்தையிலும் மக்கள் நிற்கின்ற கோவில்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, வெறுமையாகிப்போன தேவாலயம் என்பதையே கற்பனை செய்ய முடிவதில்லை. ஆனால் நெதர்லாந்தில் முதலில் நடந்தது அதுதான். கடந்த அறுபது ஆண்டுகளில் வழிபாட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கூரை ஒழுகியது, திருத்துவதற்குப் பங்கிலே பணம் இல்லை, கதவு பூட்டப்பட்டது. பியர் ஆலைக்காரர் வந்தபோது அந்தக் கதவு பூட்டியே கிடந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையும் இந்த நிலைமையை எண்ணிப் பார்த்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1222ஆவது சட்டம், வழிபாட்டுக்குப் பயன்படுத்த முடியாமற்போன தேவாலயத்தை மறைமாவட்ட ஆயர் உலகியல் பாவனைக்கு விடலாம் என்றும், அந்தப் பாவனை இழிவானதாக இருத்தலாகாது என்றும் கூறுகிறது. எது இழிவு என்பதில் ஊருக்கு ஊர் கருத்து வேறுபடும். மாஸ்திரிக்ட் நகரத்தில் 13ஆம் நூற்றாண்டின் தொமினிக்கன் தேவாலயம் இன்று புத்தகக் கடையாக இருப்பதைக் கேட்டால் உங்கள் மனம் அவ்வளவு நோகாது என்று எண்ணுகிறேன். நானும் புத்தகக் கடையையே விரும்புவேன்.

ஆயினும் ஐரோப்பாவில் மடாலயத்துக்கும் பியருக்கும் உள்ள உறவு நம் ஊர்த் தவறணையைக் கொண்டு அளக்கக்கூடியதன்று. துறவிகள் தங்கள் மேசைக்கும் விருந்தினருக்கும் பயணிகளுக்குமாக அதைத் தாங்களே தயாரித்தார்கள். ‘திரப்பிஸ்ட்’ என்ற துறவியர் சபையின் முத்திரை ஒரு பியருக்கு இன்றும் வேண்டுமானால், மடத்தின் மதிலுக்குள்ளேயே, துறவிகளின் மேற்பார்வையிலேயே தயாரிக்க வேண்டும். வருவாய் அவர்களின் வாழ்வுக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். இதற்கு மறுபுறமான கதையும் உண்டு. ஜேர்மனியின் பவேரியாவில் வைஹென்ஸ்டெபான் என்ற பெனடிக்ற் மடத்தை 1803இல் அரசு கலைத்து உடைமைகளை எடுத்துக்கொண்டது. தன் தொடக்கத்தை 1040ஆம் ஆண்டு என்று கூறிக்கொள்ளும் அதன் பியர் ஆலை இன்றும் அரசின் கையில் ஓடுகிறது. அங்கே போனது செபம், நின்றது பியர். அந்த வரலாறு எனக்கும் கசக்கிறது.

பார்க்கச் செல்வது உடன்படுவதாகாது. கல்லடி வாசகர் அங்கே ஒரு நிமிடம் மௌனமாக நின்று, பீடம் எந்தத் திசையில் இருந்தது என்று பணியாளரிடம் கேட்டாரானால், அந்தக் கேள்வியே அந்த இடத்துக்கு ஒரு மரியாதை.

கேள்வி: கட்டடக்கலை மாணவன் நான். புதிய கொட்டகை ஒன்றைப் போட்டால் முடிகிற வேலைக்கு எதற்காகப் பழைய கட்டடத்தைத் தேடிப் போகிறார்கள்? கட்டடத்துக்குத் தீங்கு வராதா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: தீங்கு வரும், கவனித்தால் தடுக்கலாம். முதலில் ஏன் தேடுகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

நொதிக்கவைக்கும் தாங்கிகள் உயரமானவை. நிலத்தில் இடத்தைச் சுருக்கி மேல்நோக்கி வளர்ந்தவை என்பதால், சாதாரணக் கடைக் கட்டடத்தின் கூரைக்குக் கீழே அவை அடங்கா. தேவாலயம், தீயணைப்பு நிலையம், பண்டகசாலை ஆகியவற்றுக்கு அந்த உயரம் பிறப்பிலேயே இருக்கிறது. தடித்த செங்கற் சுவர் வெப்பம் சட்டென்று ஏறி இறங்காமல் காக்கும். பியரை நொதிக்கவைக்கும் மதுவம் ஓர் உயிர். சில வகை 15 முதல் 22 பாகை செல்சியசிலும், ‘லாகர்’ என்ற பியரைத் தயாரிக்கும் வகை 7 முதல் 13 பாகையிலும் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், சீரான வெப்பநிலை பெரிய உதவி. குளிப்பிடத்துக்கோ வேறொரு சிறப்பு: நீர்க்குழாயும் வடிகாலும் அதற்கு முதல்நாளிலிருந்தே தேவைப்பட்டிருக்கும். ஒரு லீற்றர் பியருக்கு அதைப்போலப் பல மடங்கு நீர் செலவாகிறது. அதிற் பெரும்பகுதி கழுவுதற்கே போகிறது.

இனித் தீங்குகள். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். 2000 லீற்றர் கொள்ளும் தாங்கி நிறைந்தால் அதன் சொந்த எடையையும் சேர்த்து 2 தொன்னுக்கு மேல் வரும். அந்தப் பாரம் முழுவதும் நான்கு சிறிய கால்களின் கீழே குவியும். மக்கள் முழங்காலிட்டு இருப்பதற்காகப் போட்ட மரத்தளம் இதைத் தாங்காது. ஆகவே பழைய தளத்தைக் கழற்றி, கீழே தனியே கொங்கிறீற் அடித்தளம் போட்டு, சுவரோடு அது ஒட்டாமல் இடைவெளி விடவேண்டும். அடுத்தது நீராவி. ஏறத்தாழ ஒரு மணிநேரம் காய்ச்சும்போது எழும் ஆவியைக் குழாய் வழியே வெளியேற்றாவிட்டால், சுண்ணாம்புப் பூச்சு ஊறிக் கழன்று விழும், கூரை மரம் உக்கும். ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் சுவரில் நினைத்த இடத்தில் துளையிட அனுமதி கிடைக்காது. நெதர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களும் சின்னங்களும் தேசிய மட்டத்திலே பாதுகாக்கப்பட்டவை. எனவே ஆவிக்குழாய் பழைய புகைபோக்கியையோ மணிக்கூண்டையோ தேடிப் போவதைப் பல இடங்களில் காணலாம். ஒரு வடிவமைப்பாளரின் திறமையை அளக்க நான் முதலிற் பார்ப்பது அந்தக் குழாய் போகும் வழியைத்தான்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. நொதிக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு வளியிலும் பாரமானது. நிலவறையில் அது தேங்கினால் ஆளைக் கொல்லும். பழைய நிலவறைகள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வாயுவை அளக்கும் கருவியும் காற்றோட்டமும் இல்லாத நிலவறைக்குள் யார் கூப்பிட்டாலும் இறங்காதீர்கள்.

வழிகாட்டியிடம் சக்கையை என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். காய்ச்சியபின் எஞ்சும் தானியச் சக்கை பெரும்பாலும் மாட்டுப் பண்ணைகளுக்குப் போகிறது. நாம் தவிட்டை மாட்டுக்கு வைப்பது போலத்தான்.

கேள்வி: இத்தகைய பயணத்தில் காரை யார் ஓட்டுவது? பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?
– செங்கலடி வாசகர்

பதில்: அன்று ஒரு துளியும் அருந்தாதவர் மட்டுமே ஓட்டலாம். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் சட்ட எல்லை 0.5 ‘புரோமில்’, அதாவது ஒரு லீற்றர் இரத்தத்தில் அரைக் கிராம் மதுசாரம். நெதர்லாந்தில் புதிய சாரதிகளுக்கு எல்லை 0.2, ஜேர்மனியில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கும் புதியவர்களுக்கும் பூச்சியம். இலங்கை எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே ஓட்டக்கூடாது; அவர்களுடையது அதிலும் இறுக்கமானது. எல்லைக்குள் நிற்கிறோமா என்று கணக்குப் பார்க்கும் சாரதியோடு நான் ஏறமாட்டேன். உணவகத்தோடு சேர்ந்த ஆலைகளிற் பிள்ளைகளோடு உணவருந்துவது அங்கே வழக்கம். நெதர்லாந்தில் மது பரிமாறுவதற்குரிய வயது 18.

கேள்வி: வெளிநாட்டுக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு நம் நாட்டிலே இப்படி ஒரு பயணம் உண்டா?
– காரைதீவு வாசகி

பதில்: உண்டு. செங்கலடிச் சந்தியில் தொடங்கும் ஏ5 வீதி மகா ஓயா, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, பேராதனையில் முடிகிறது. கிழக்குக் கரையிலிருந்து மலைநாட்டுக்கு இதைவிடச் சுவையான வழியை நான் அறியேன். நுவரெலியாவுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே பியர் காய்ச்சத் தொடங்கினார். குளிரும் மலை நீரும் அதற்கு வாய்த்தன. பிற்காலத்தில் அந்த ஊரில் வளர்ந்த பெரிய ஆலையின் தொழில் கொழும்புக்கு அருகே பியகமவுக்குப் போய்விட்டது. ஆலை இடம்பெயர்ந்த கதையை அங்கே கேட்கலாம். பார்ப்பதற்கு நான் வேறொரு கட்டடத்தைச் சொல்வேன்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் வழியில் ஹெதர்செற் என்ற தேயிலைத் தொழிற்சாலை இருந்தது. 1970களில் நின்றுபோன அந்தத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய நீண்ட தளங்கள் அறைகளாயின. யன்னல்களின் வரிசையும் இரும்புத் தூண்களும் பழைய எந்திரமும் அப்படியே இருக்கின்றன. தங்குவதற்குச் செலவு கூட. தேநீர் அருந்திவிட்டுச் சுற்றிப் பார்த்தாற் போதும். அந்தத் தளங்களிலே வேலை செய்த மலையகத் தமிழ்க் குடும்பங்களை அங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய அரிசி ஆலை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. நண்பர் ஒருவர் அதைப் பியர் விற்கும் இடமாக்கலாம் என்கிறார். என்ன செய்யலாம்?
– பெயர் தவிர்க்கக் கேட்டவர், அம்பாறை மாவட்டம்

பதில்: நான் உடன்படமாட்டேன். நம் மாவட்டங்களிற் குடியால் உடைந்த வீடுகளை நீங்களும் நானும் பெயர் சொல்லி எண்ணக்கூடியவர்கள். ஹார்லெமில் சரியாக வந்தது இங்கே சரியாக வரும் என்பதில்லை. ஆனால் ஆலையை இடிக்கவும் வேண்டாம். உயரமான கூரையும் காற்றோட்டமும் உள்ள அந்த மண்டபம் கைத்தறிக்கோ, பாரம்பரிய அரிசி வகைகளைக் குற்றி விற்பதற்கோ, வழிப்பயணிகளுக்கான உணவகத்துக்கோ நன்றாகப் பொருந்தும். எந்திரங்களைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள்; ஒன்றையாவது இருந்த இடத்திலேயே விடுங்கள்.

முதற்படியாகக் கட்டடத்தின் வயதை உறுதிசெய்யுங்கள். நம் நாட்டின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களைப் புராதனச் சின்னமாகக் கொள்கிறது. அரிசி ஆலை அவ்வளவு பழையதாக இராது. எனினும், பிந்திய கட்டடத்தையும் பாதுகாப்புக்குரியதாக அறிவிக்க இடமுண்டு என்பதால், உறுதியையும் பழைய வரைபடத்தையும் தேடியெடுத்து வையுங்கள். மாரிக்கு முன் கூரையில் ஏறி ஓட்டைகளை அடையுங்கள். பிறகு நீளம், அகலம், சுவர்த்தடிப்பு, தூண்களின் இடைவெளி ஆகியவற்றை அளந்து, நான்கு பக்கத்துப் படங்களோடு எங்களுக்கு அனுப்புங்கள். அக்கரைப்பற்று மாணவர் சம்மதித்தால் அவரையும் சேர்த்துக்கொண்டு அடுத்த இதழில் விரிவாகப் பதில் தருகிறோம்.